கல்லைக் கழுவாதீர்கள்

மாசிக் கடைசியில் ஒரு விடியற்காலை, நாலே முக்கால் மணி இருக்கும். காவிரிப் பாலத்தின் மேல் குட்டி யானை வண்டியின் பின்பக்கத்தில் ஆறு பிளாஸ்டிக் டிரம்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். டிரம்களுக்குள் இருந்தது கடல். தில்லைநகரில் இரண்டாவது மாடி வீட்டு ஹாலில், மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் ஆறு வருஷமாக நான் பராமரித்து வந்த கடல். அதை ஸ்ரீரங்கத்துத் தரைத்தள வீட்டில் காத்திருந்த நாலடித் தொட்டிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன்.

வண்டியில் ஏற்றும்போதே டிரைவர் கேட்டுவிட்டார். “இவ்வளவும் மீனா சார்? மார்க்கெட்டுக்கா?”

“இல்லண்ணே, வீட்ல வளர்க்கிறது. மொத்தமே ஆறு மீன்தான்.”

“ஆறு மீனுக்கு ஆறு டிரம்மா?”

நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் சிரித்து மழுப்பிவிட்டேன். இந்தக் கட்டுரை அவருக்கான பதில். சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆறு மீனும் இருந்தது ஒரே டிரம்மில். மூன்று டிரம்மில் இருந்தது கல். கடல்தொட்டியை மாற்றுவது என்றால் கல்லை மாற்றுவதுதான். மீன் கூடவே வரும்.

இதை நான் புத்தகம் படித்துக் கற்கவில்லை. மூன்று மீன்களைக் கொன்று கற்றேன்.

ஆறு வருஷத்துக்கு முன் என்னிடம் இருந்தது இரண்டடித் தொட்டி. ஐந்து மீன்கள். புதிதாக மூன்றடித் தொட்டி வந்ததும், புது வீட்டுக்குப் போகிறவன் பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவி எடுத்துப்போவது மாதிரி, தொட்டியில் இருந்த கற்களை எல்லாம் குழாயடியில் வைத்து பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பழுப்பும் பச்சையுமாக வழவழவென்று இருந்ததெல்லாம் போய்க் கல் பளிச்சென்று ஆனது. புதுத் தண்ணீர், புது மணல், சுத்தமான கல். பார்க்க ஷோரூம் மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. நாலாம் நாளுக்குள் மூன்று போய்விட்டன. மிஞ்சியவை இரண்டு கோமாளி மீன்கள். கடைக்காரர்கள் ‘நீமோ’ என்று விற்பார்களே, அவை.

நான் கழுவித் தள்ளியது அழுக்கை இல்லை. தொட்டியின் சிறுநீரகத்தை.

சரி, கல்லில் அப்படி என்னதான் இருக்கிறது?

மீன் சாப்பிடும் புரதத்தின் நைட்ரஜன் கழிவு பெரும்பாலும் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேறுகிறது. திறந்த கடலில் அது கணக்கிலேயே வராது. நூறு லிட்டர் தொட்டியில் வரும். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று மின்னூட்டம் பெற்ற அம்மோனியம். அதிகம் தொல்லை தராது. மற்றது மின்னூட்டமில்லாத அம்மோனியா. செவுளுக்குள் எளிதாகப் புகுந்துவிடும் நஞ்சு. இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது பி.எச். ஏழு பி.எச். உள்ள நன்னீரில் நஞ்சு வடிவம் அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். கடல்நீரின் பி.எச். 8.2 அளவில், நம்மூர் வெதுவெதுப்பில் அங்கே நஞ்சின் பங்கு சுமார் 7 சதவீதம். அதாவது தங்கமீன் தொட்டியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய அதே அம்மோனியா, கடல்தொட்டியில் பத்து மடங்குக்கும் மேல் கடுமையானது.

இந்த நஞ்சைச் சாப்பிடும் நுண்ணுயிர்கள்தான் கல்லின் மேலும் அதன் துளைகளுக்குள்ளும் படலமாக ஒட்டி வாழ்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு தாங்கும்.

இதில் ஒரு ருசியான செய்தி உண்டு. முதல் வேலையைச் செய்வது பாக்டீரியாக்கள் மட்டுமே என்றுதான் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2005இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அம்மோனியாவைத் தின்று வாழும் ஓர் ஆர்க்கியாவை முதன்முறையாகத் தனியே பிரித்து வளர்த்திருந்தார்கள். ஆர்க்கியா என்பது பாக்டீரியா போலவே சிறியது, ஆனால் உயிர்மரத்தில் வேறொரு கிளை. அதற்கு வைத்த பெயர் நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ். அதைப் பிடித்த இடம் ஆழ்கடல் எரிமலை வாய் எதுவும் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் அக்வேரியத்தில் ஒரு வெப்பமண்டலக் கடல்தொட்டியின் அடியில் கிடந்த சரளைக்கல். இந்த வகை உயிர்கள் உலகக் கடல்களெங்கும் ஏராளமாக இருப்பவை. அதன் முதல் பிரதிநிதி நமக்குக் கிடைத்தது ஒரு மீன்தொட்டியில்!

சியாட்டில்காரர்கள் அந்தச் சரளையைக் குழாயடியில் வைத்துத் தேய்க்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும். நான் தேய்த்தபோது குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின் ஒரு பக்கம் கொன்றது. உப்பில்லாத தண்ணீர் பட்டு மற்றவை உப்பி வெடித்தன. கல்லுக்குள் இருந்த புழுக்களும் பஞ்சுயிரிகளும் செத்தன. செத்தவை அழுகி அவையே புது அம்மோனியா ஆயின. கழிவை ஏற்றிவிட்டு, கழிவு தின்பவர்களையும் கொன்றாயிற்று. மூன்று மீனோடு தப்பித்தது ஆச்சரியம்.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று. “தொட்டி மூணு மடங்கு பெரிசு, அப்ப நுண்ணுயிரும் மூணு மடங்கு வேணுமே? மறுபடியும் ஒரு மாசம் காலியா ஓடவிடணுமா?” வேண்டாம். நுண்ணுயிர்களின் எண்ணிக்கை கழிவின் அளவுக்கு ஏற்றது, தண்ணீரின் அளவுக்கு ஏற்றதில்லை. பத்துப் பேர் சாப்பிட்ட பாத்திரத்தைத் துலக்க எத்தனை கை வேண்டும் என்பதற்கும் சமையலறையின் நீள அகலத்துக்கும் சம்பந்தமில்லை. அதே மீன், அதே தீனி, அதே கல் என்றால் அதே நுண்ணுயிர்கள் போதும். ஒரே நிபந்தனை, கல் வழியில் காயக்கூடாது, சூடாகக்கூடாது, மூச்சு முட்டக்கூடாது. அதனால்தான் மூன்று டிரம்.

கல் இவ்வளவு முக்கியம் என்றதும் “ராமேஸ்வரம் பக்கம் போனா மூட்டை மூட்டையா எடுத்துட்டு வரலாமே” என்று ஒரு நண்பர் சொன்னார். எடுக்கக்கூடாது. கல்பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. கடல்விசிறி, கடல் அட்டை, கடல்குதிரை எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. ஆகவே என் தொட்டியில் கல்பவளம் கிடையாது. சோயாந்தஸ் என்ற பொத்தான் போன்ற உயிர்களும் காளான் வடிவ உயிர்களும் ஒரு கடல் சாமந்தியும்தான். கற்கள், சிமென்ட்டும் சிப்பித்தூளும் கலந்து நானே வார்த்தவை. ஒரு வருஷம் தொட்டியில் கிடந்தால் எது கல், எது வார்த்தது என்று நுண்ணுயிர்கள் பார்ப்பதில்லை.

சட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இன்று கடலுக்கடியில். சுண்ணாம்புக்காகச் சுற்றியிருந்த பவளத்தைப் பல காலம் வெட்டியெடுத்ததே முக்கியக் காரணம் என்கிறார்கள். இப்போது அதே வளைகுடாவில் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் பவளத் துண்டுகளை சிமென்ட் தளங்களில் கட்டி நட்டு வளர்க்கிறார்கள். அடித்தளம் ஆடாமல் இருந்தால்தான் மேலே வைத்த உயிர் பற்றிக்கொள்ளும். என் நாலடித் தொட்டியிலும் கடைப்பிடித்த விதி அதேதான்: முதலில் கற்களை அசையாமல் அடுக்கி முடி, பிறகு உயிர்களை வை.

திருச்சிக்கும் பவளத்துக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு ஒன்று. ஸ்ரீரங்கத்தில் அரியலூர் பக்கம் போகிற ரயிலில் ஏறினால் வழியில் கல்லக்குடி. அங்கே டால்மியாபுரம் சிமென்ட் ஆலைக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் பவளமும் கடல்பாசியும் சேர்ந்து கட்டிய அடுக்குகள் இருக்கின்றன. வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல். அப்போது அங்கே கடல். நான் சிமென்ட்டில் கல் வார்த்தது ஒரு வகையில் பழைய பவளத்திட்டைத் திரும்பத் தண்ணீரில் போட்ட மாதிரிதான்.

கல்லுக்கு அடுத்தது மணல். இதில் விதி நேர் எதிர். பழைய மணலைக் கொண்டுபோகாதீர்கள். ஆறு வருஷத்து எச்சமும் தின்னாத தீனியும் அதன் அடியில் படிந்திருக்கும். காற்றுப் புகாத அடியடுக்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகியிருக்கலாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதுதான். கிளறாமல் இருக்கும்வரை பாம்பு புற்றுக்குள் இருக்கும். அள்ளி வேறு தொட்டியில் கொட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலக்கும். புது மணல் போட்டேன். விதை நெல் மாதிரி, பழைய மணலின் மேலடுக்கிலிருந்து ஒரு டம்ளர் மட்டும்.

பழைய தண்ணீர்? அதில் நுண்ணுயிர் சொற்பமே. அவை பரப்புகளில் ஒட்டி வாழ்பவை. பழைய தண்ணீரால் ஒரே லாபம், உயிர்களுக்குப் பழகின வேதியியல். நூறு லிட்டர் கொண்டுபோனேன்.

மீதிக்குப் புதுக் கடல் தயாரிக்க வேண்டும். “கல்லுப்பு போட்டுக் கலக்கினா கடல் தண்ணிதானே?” என்றார் அம்மா. திருச்சியிலிருந்து உப்புக்காகக் கடலுக்கு நடந்துபோன வரலாறு இருக்கிறது. ராஜாஜி தலைமையில் 1930 ஏப்ரல் 13 அன்று இங்கிருந்துதான் வேதாரண்யத்துக்குக் கிளம்பினார்கள். அந்த உப்பளத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் அம்மாவுக்குப் பதில் கிடைக்கும். கடல்நீர் வெயிலில் சுண்டும்போது கால்சியம் முதலில் ஜிப்சமாகப் படியும். அடுத்த பாத்தியில் சோடியம் குளோரைடு, அதாவது சோற்றுப்பு. மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசி வரை கரைந்தே நின்று, கசப்பு நீராக வடிக்கப்படும். முன்னும் பின்னும் போனது போக நடுவில் கிடைப்பதே கல்லுப்பு. குழம்புக்கு அது போதும். ஓடு கட்டும் நத்தைக்கும் சட்டை உரிக்கும் இறாலுக்கும் விட்டுப்போனவைதான் முக்கியம். ஆகவே எல்லாத் தாதுக்களும் சரியான விகிதத்தில் கலந்து விற்கும் அக்வேரிய உப்பு. லிட்டருக்கு 36 கிராம் வீதம் 270 லிட்டருக்குக் கிட்டத்தட்ட பத்து கிலோ.

கலக்கும் தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீராக இருக்க வேண்டும். வீட்டு இயந்திரம் மணிக்குப் பத்து லிட்டர் தரும். 27 மணி நேரம் ஓடியது. “கல்யாண வீடு மாதிரி தண்ணி பிடிக்கறே” என்றார் அம்மா. உப்பைக் கலந்து மூன்று நாள் பம்ப் ஓடவிட்டு, கரைந்து தெளிந்து, 27 டிகிரியில் நிற்கிறது என்று உறுதியான பிறகே வண்டிக்குச் சொன்னேன்.

விடியற்காலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் போக்குவரத்து மட்டுமில்லை, ஆக்சிஜன். 25 டிகிரி கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது 6.2. நன்னீரைவிட இது குறைவு. உப்பு ஏற ஏற, சூடு ஏற ஏற இடம் குறையும். மூடிய டிரம்மில் மீன் மட்டும் மூச்சுவிடுவதில்லை, கல்லும் மூச்சுவிடுகிறது. ஒவ்வொரு டிரம்மிலும் பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாய் போட்டிருந்தேன். கல் டிரம்களுக்கும்தான். டிரைவர் அதையும் விநோதமாகப் பார்த்தார்.

எடுக்கும் வரிசை: முதலில் தண்ணீர், பிறகு சோயாந்தஸ் ஒட்டிய கற்கள், பிறகு கடல் சாமந்தி, மற்ற கற்கள், கடைசியில் மீன். கல் இருக்கும்வரை வலையில் மீன் சிக்காது. எல்லாம் எடுத்தபின் இரண்டு விரற்கடைத் தண்ணீரில் தானாக நிற்கும். கடல் சாமந்தியின் பாதத்தைப் பிய்க்கக்கூடாது. ஒட்டிய கல்லோடு தூக்க வேண்டும். சோயாந்தஸில் ஓர் எச்சரிக்கை. அவற்றில் சில இனங்களில் பாலிடாக்சின் இருக்கிறது, இயற்கையின் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் சுரண்டாதீர்கள். சுடுதண்ணீர் ஊற்றியோ கொதிக்கவைத்தோ அந்தக் கல்லைச் சுத்தம் செய்யவே கூடாது. ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள்.

மாம்பழச்சாலை தாண்டி வீட்டுக்கு வந்து சேரும்போது ஐந்தேகால். ஏழு மணிக்குள் கல் அடுக்கி முடித்தேன். எட்டரைக்குள் மீன்கள் உள்ளே. விளக்கை இரண்டு நாள் போடவில்லை. அம்மோனியாவைக் காலையும் மாலையும் சோதித்தேன். முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாள் பூஜ்யம். எல்லாம் சரியாகச் செய்துவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

மூன்றாம் நாள் காலை கிளீனர் இறால் செத்துக் கிடந்தது.

சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் இறால். கையை விட்டால் ஏறி வந்து நகக்கண்ணைச் சுத்தம் செய்யும். நாலு வருஷம் இருந்தது. அம்மோனியா இல்லை, சூடு சரி, மீன்கள் எல்லாம் நலம். பிறகு ஏன்?

பழைய தொட்டியின் உப்பை நான் ஆறு வருஷமாக அளந்தது, முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில். புதுத் தொட்டிக்காக நல்ல ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 பங்கு உப்புள்ள அளவைத் திரவத்தில் சரிபார்த்து, புதுக் கடலை ஆயிரத்துக்கு மிகச் சரியாக 35க்குக் கொண்டுவந்திருந்தேன். பழைய தொட்டியும் 35 என்றுதான் ஹைட்ரோமீட்டர் காட்டியது. மிச்சமிருந்த பழைய தண்ணீரைப் புதுக் கருவியில் வைத்துப் பார்த்தேன். 31. முள்ளில் ஒட்டிய காற்றுக்குமிழ்கள் அதைத் தூக்கிப் பிடித்து, இல்லாத உப்பைக் காட்டிவந்திருக்கின்றன.

மீன் இந்தத் தாவலைச் சமாளித்தது. கடல்மீனின் ரத்தத்தில் உப்பு கடல்நீரில் மூன்றில் ஒரு பங்குதான். அது எப்போதும் கடலைக் குடித்து, உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிற ஜீவன். மூன்று பங்கு கூடினால் கொஞ்சம் அதிகம் வேலை செய்யும். பவளத்திட்டு இறால், நத்தை, நட்சத்திரமீன் அப்படியில்லை. வெளியே என்ன உப்போ உடலுக்குள்ளும் ஏறத்தாழ அதே உப்பு. அரை மணி நேரத்தில் 31இலிருந்து கிட்டத்தட்ட 34க்குத் தூக்கிப் போட்டால் உடம்பின் ஒவ்வொரு செல்லிலிருந்தும் தண்ணீர் வெளியே இழுக்கப்படும். சொட்டுச் சொட்டாக நாலைந்து மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தால் பிழைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இங்கே இன்னொரு நுணுக்கம். தொலைதூரத்திலிருந்து கூரியரில் பையில் வரும் மீனுக்கு இதே சொட்டு வைத்தியம் ஆபத்து. பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், சேர்ந்த அம்மோனியாவும் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேற, பி.எச். ஏற, அதே அம்மோனியா நஞ்சாக மாறும். நீண்ட பயணம் வந்த மீனைச் சூட்டைச் சமன்செய்து சீக்கிரம் மாற்றுங்கள். ஊருக்குள் அரை மணி நேரம் வந்த இறாலை நிதானமாக மாற்றுங்கள். எல்லா உயிருக்கும் ஒரே விதி என்று நினைத்தது என் இரண்டாவது தப்பு. முதல் தப்பு, இரண்டு தொட்டியை இரண்டு கருவியில் அளந்தது.

சரி, இவ்வளவு பாடுபட்டு நாலடித் தொட்டிக்குப் போனதில் என்ன லாபம்? நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. ஆனால் அகலமும் உயரமும் சேர்ந்து கூடியதில் தண்ணீர் 120 லிட்டரிலிருந்து 370 ஆகிவிட்டது. கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்த்து எடை அறுநூறு கிலோவைத் தாண்டும். ஒரு சின்ன மேஜை அளவு இடத்தில் பத்து ஆள் நிற்கிற பாரம். மாடி வீட்டில் வைக்கத் துணியாததும் அதனால்தான். பம்ப், விளக்கு வழியாக நூறு வாட் சூடு இறங்கினால், வெளியேற வழியில்லாத பட்சத்தில் பழைய தொட்டி மணிக்கு 0.7 டிகிரி ஏறும். புதியது 0.25 டிகிரிகூட ஏறாது. சித்திரை வெயிலில் நாளைக்கு மூன்று லிட்டர் ஆவியானால் பழைய தொட்டியில் உப்பு 35இலிருந்து 35.9 ஆகும். புதியதில் பரப்பு இரட்டிப்பு, ஆவியும் இரட்டிப்பு, ஆனாலும் 35.6தான். கரண்ட் போனாலும், மீன் ஒன்று கல்லுக்குப் பின்னால் செத்துக்கிடந்து நான் கவனிக்காவிட்டாலும், கெடுதல் மெதுவாக வரும். பெரிய தொட்டி எனக்கு வாங்கித் தந்தது அவகாசம்.

அந்த அவகாசத்தைப் பலரும் இடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். “தொட்டி காலியா இருக்கு சார், ஒரு டேங் போடுங்க, ரெண்டு ஏஞ்சல் போடுங்க” என்றார் மீன் கடைக்காரர். காலியாகத்தான் தெரிகிறது. ஆனால் கல்லில் இருப்பது ஆறு மீனுக்கான நுண்ணுயிர். ஒரே வாரத்தில் மீனை இரட்டிப்பாக்கினால் ஆறு வருஷத்துக்கு முன் குழாயடியில் நடந்ததை வேறு வழியில் திரும்பச் செய்ததாகும்.

மூன்று மாசம் ஆகிறது. கடல் சாமந்தி இரண்டு முறை இடம் மாறி, இப்போது வலது மூலையில் நிலைகொண்டிருக்கிறது. குழாயடிப் படுகொலையில் தப்பிய அதே இரண்டு கோமாளி மீன்களும் அதற்குள்தான் படுக்கின்றன. இறாலின் கல் இடுக்கு காலியாகவே இருக்கிறது. அதற்கு ஒன்று வாங்க வேண்டும். இந்த முறை கடையின் தண்ணீரையும் என் கருவியில் அளந்துவிட்டு.